வெற்றிலையில் சொன்ன ரயில்

பதுளைக்கு ரயில் வந்த அன்று கடைத்தெருவில் திறந்திருந்த ஒரே கடை என் மாமாவுடையது. மற்ற எல்லாரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து லயம் லயமாக, வரிசை வீடு வரிசை வீடாக, ஜனம் இறங்கி வந்திருந்தது. பசறையிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்த நான் நேரே கடைக்குப் போய், "மாமா, வண்டி வந்துடுச்சு, வாங்க, பாத்துட்டு வருவோம்" என்றேன்.

அவர் பருப்பு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்துதா? சரி. நாளைக்கும் வருதான்னு பாரு" என்றார்.

கேட்கிறவர்கள் இவரை ரயிலுக்கு விரோதி என்று நினைப்பார்கள். விரோதியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ முன்னால் கல்யாணம் ஆகியிருக்கும். நிச்சயத்தன்று என் தலையில் இருந்த முடியில் பாதியாவது என் பெண்டாட்டி சௌந்தரத்துக்குக் கிடைத்திருக்கும்.

மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. அரிசி, பருப்பு, கருவாடு, கம்பளி எல்லாம் விற்கிற கடை. சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கங்காணிமார் அவரிடம்தான் சாமான் எடுப்பார்கள். அவர் சுபாவத்தைச் சொல்ல ஒரு வரி போதும்: ஒருவர் ஒரு காரியத்தைச் செய்வதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அது நடந்து முடிந்துவிட்டது என்றே அவருக்குப் படும். "சொல்லியாச்சுல்ல? ஆச்சு" என்பார். தன் வாக்கைப் பற்றி மட்டும் அப்படி நினைத்திருந்தால் ஊரில் நல்ல மனிதர் என்று பேர் வாங்கியதோடு போயிருக்கும். அரசாங்கத்தின் வாக்கைப் பற்றியும் அப்படியே நினைத்தார். அங்கேதான் என் தலையெழுத்து சிக்கிக்கொண்டது.

எங்கள் பசறைக் கடைக்குச் சரக்கு எடுக்க நான் வரும்போதெல்லாம் பத்திரிகை வாசிக்கிற வேலையும் என் தலையில் விழும். கொழும்பிலிருந்து வருகிற தமிழ்ப் பத்திரிகை, பதுளைக்கு வந்து சேர்வதற்குள் ஊசிப்போயிருக்கும். "லுணுகலைப் பக்கம் தந்திக் கம்பி இழுக்க அரசினர் எண்ணங்கொண்டிருப்பதாகத் தெரிகிறது" என்று வாசிப்பேன். மாமா தொடையில் தட்டி, "ஆச்சு" என்பார். அடுத்து வருகிற கங்காணியிடம், "என்னங்க, உங்க ஊருக்குத் தந்தி வந்துடுச்சே" என்று வெற்றிலைச் செல்லத்தை நீட்டுவார். லுணுகலைக்காரரான அந்தக் கங்காணி, தான் காலையில் புறப்பட்ட ஊருக்கு வந்த தந்தியைப் பற்றிப் பதுளையில் கேள்விப்பட்டுத் திகைத்துப்போய், "நான் பாக்கலீங்களே முதலாளி" என்பார்.

"பாக்காட்டி என்ன? சொல்லியாச்சு."

இந்த நம்பிக்கையை உடைக்க ஊரில் ஒருவர்தான் தினமும் முயற்சி செய்தார். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிற முஸ்லிம் அண்ணன், ஊருக்கே நானா. மாமாவின் சரக்கு முழுவதும் அவர் வண்டியில்தான் வரும். சாயங்காலமானால் கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய்ப் பெட்டியில் வந்து உட்கார்ந்துகொள்வார். கொழும்பிலே சட்டம் போடுகிற கவுன்சில் கூடுவதற்கு முன்பே இங்கே கூடிவிடும்.

"ரயில் வந்தா மூட்டைக்குக் கூலி பாதியாயிரும் நானா."

"ஆகும். எம் மாடெல்லாம் உங்க வாசல்ல வந்து பட்டினியா நிக்கும். வைக்கோல் போடுவீங்களா முதலாளி?"

"ஸ்டேஷன்லேருந்து கடைக்கு மூட்டை தானா நடந்து வருமா? உங்க மாடுதானே இழுக்கணும்?"

"கூப்பிட்டா கேக்கற தூரத்துக்கு எதுக்கு மாடு? பூனை போதும்." நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்காருவார். "அதெல்லாம் வராது முதலாளி. நான் மீசை முளைக்காம இருக்கறப்ப பண்டாரவளையில வந்து குந்துன ரயிலு, இன்னும் அங்கேதான் குந்தியிருக்கு."

"கவுன்சில்ல சொல்லியாச்சு."

"கவுன்சில்ல சொன்னது மனுசங்ககிட்ட. நடுவுல இருக்கறது மலை. மலைகிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

நானா சொன்னதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது. ஆனால் மாமாவிடம் பேச முடியாதபடி ஒரு சம்பவம் நடந்துவிட்டிருந்தது. பதுளை ஓயா ஆற்றுப் பாலத்துப் பலகைகளைக் கழற்றி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை பாலம் திறக்கப்படும் என்று மூன்று பாஷையிலும் பலகை மாட்டியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை விடிந்தபோது பாலத்தில் குறுக்குச் சட்டம்தான் இருந்தது, நடக்க ஒரு பலகை இல்லை. மற்ற வியாபாரிகள் தண்ணீர் குறைந்த இடமாகப் பார்த்து ஆற்றில் வண்டியை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். மாமா ஒரு வண்டி நிறையக் கருவாட்டை ஏற்றி, பாலத்து முனையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மாமா, பாலத்துல பலகை இல்லை."

"திங்கட்கிழமைன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கு. ஆனா பலகை இல்லையே."

"திங்கட்கிழமை இன்னும் முடியலையே மாப்ளே."

வெயில் ஏறியது. கருவாடு தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. பாலத்து ஓவர்சீயர் குடியிருந்த வீடு காற்று அடிக்கிற பக்கம் இருந்தது. முதலில் அவர் வந்து அதட்டினார், பிறகு சமாதானமாகப் பேசினார், பிறகு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து கெஞ்சினார். மாமா ஒரே பதில்தான் சொன்னார்: "நீங்க போட்ட பலகையத்தான் ஐயா நானும் நம்பி வந்தேன்." சாயங்காலம் ஆட்களை விரட்டி, ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பலகை அடித்துக் கொடுத்தார்கள். மாமா வண்டியோடு அக்கரை போய்த் திரும்பி, என்னைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். பாலத்தைத் திறந்தது அரசாங்கத்தின் வாக்கு இல்லை, உங்கள் கருவாட்டின் வாடை என்று நான் பல வருஷம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். மாமன் மகள்தானே, பேச ஒன்றுமில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சபையில் ஒரு வார்த்தை சொல்லித் தட்டைக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டின் மேல் சொன்ன வார்த்தையைப் பிறகு யாரும் மாற்ற முடியாது. கூட்டவோ குறைக்கவோகூட முடியாது.

கெட்ட நேரம், அந்த வாரம்தான் ரயில் பாதை அளக்கிறவர்கள் ஊர் எல்லையில் வெள்ளைக் கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாமாவுக்கு இரட்டைக் கல்யாணச் சந்தோஷம். தட்டைக் கையில் எடுத்தவர், பெண் கொடுக்கிறேன் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ரயில் பதுளைக்கு வந்ததும், அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுச் சீர்வரிசை கொழும்பிலேருந்து ரயில்ல வந்து இறங்கணும்" என்றார். சபை சிரித்துக் கைதட்டியது. நான்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன். ரயில் அடுத்த வருஷம் வருகிறது, என் கல்யாணம் பதுளை பார்த்திராத கல்யாணமாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன். பதுளை பார்க்காத கல்யாணமாக ரொம்ப நாள் இருந்தது என்பது உண்மைதான்.

ஐரோப்பாவில் சண்டை வந்தது. ரயில் வேலை படுத்துவிட்டது. நட்ட கொடிகளை வெயிலும் மழையும் தின்றன, மிச்சத்தை ஆடு தின்றது.

மற்ற மாப்பிள்ளைகள் முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கம் பார்ப்பார்கள். நான் பத்திரிகை பார்த்தேன். இரும்பு என்ன விலை, கவர்னர் என்ன நினைக்கிறார், சண்டை எப்போது முடியும் என்று என் கல்யாணத்துக்கு உலகம் பூராவும் நாள் குறித்தது. ஊவா மாகாணத்தில் அபிப்பிராயம் இல்லாதவன் இல்லை. ரயில் வேண்டும் என்கிறவர்கள் என்னைக் கண்டால் பரிதாபப்பட்டார்கள். வேண்டாம் என்கிறவர்கள், "என்ன அவசரம் தம்பி, நிம்மதியா இருங்க" என்றார்கள். பசறையில் பெரட்டு என்கிற காலை ஆளெடுப்புக் கலைந்து வருகிற தோட்டத்து ஆட்கள்கூட, "சின்ன முதலாளி, ரயிலு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் உப்பு வாங்குவார்கள். நானா ஒரு யோசனை சொன்னார்: "எம் வண்டியில ரயிலுன்னு எழுதி ஒட்டிர்றேன். கூவறதுக்கு மாப்ளே இருக்காரு. முடிச்சிரலாம்."

நானும் சும்மா இருக்கவில்லை. ரயில் பண்டாரவளை வரை வந்திருக்கிறது, அதுவும் ஊவாதானே என்று வாதாடினேன். "பதுளைக்குன்னு சொன்னேன்" என்றார் மாமா. பண்டாரவளையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றேன். "பதுளைக்குன்னு சொன்னேன்." சண்டையை நீங்களா ஆரம்பித்தீர்கள், அதை வாக்கில் சேர்க்க வேண்டாமே என்றேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஐரோப்பாவில் சண்டையை மூட்டிவிட்டேன் என்கிற சந்தேகம் இருந்தது. அத்தை அடுப்படியிலிருந்தே, "உங்க மாமாவைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தப் பண்டாரவளை ரயிலக் கட்டியிருக்கலாம். வராட்டியும் புகையாவது விடும்" என்பாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, சௌந்தரத்தோடு விளையாடின பெண்கள் இடுப்பில் குழந்தையோடு கடைக்கு வர ஆரம்பிக்கிறவரை. அவள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். "இன்னும் ரயில் வரலியா சௌந்தரம்?" என்று கேட்பார்கள். அவள் முறத்தை ஒரு தட்டு அதிகமாகத் தட்டுவாள். சண்டை முடிந்தும் ரயில் வேலையைப் பற்றி உறுதியாகப் பேச்சு இல்லை. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "வர்ற தைக்குள்ள எந்தம்பி ஒரு வழிக்கு வரலைன்னா, கொஸ்லந்தையில என் நாத்தனார் மக இருக்கா. எனக்கும் வயசாகுது." அம்மா விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. அப்பா பேசவே பேசாதவர், தட்டைப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு துரை வந்தார். பதுளை வரை ரயிலை நீட்டுவதா, அல்லது மோட்டார் லொறி வந்துவிட்டபடியால் ரோட்டை அகலப்படுத்தினால் போதுமா என்று ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கப் போகிறாராம். கச்சேரியில் கூட்டம். எங்கள் பக்கம் கச்சேரி என்றால் பாட்டு இல்லை, அரசாங்க ஏஜண்டு துரையின் ஆபீஸ், அதாவது கந்தோர். தோட்டத்துத் துரைமார் முன்வரிசையில், நாங்கள் சுவரோரம்.

மாமா பெட்டியிலிருந்த கோட்டை எடுத்துப் போட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்திருந்தார். இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல நான். என் இங்கிலீஷ், தோட்டத்து பங்களாக்களுக்குச் சீமைச் சாமான் கொடுத்துக் கொடுத்து வந்த இங்கிலீஷ். அதில் பிஸ்கட்டுக்கு வார்த்தை உண்டு, சோப்புக்கு உண்டு. வெற்றிலைத் தட்டின் மேல் கொடுத்த வாக்குக்கு இல்லை.

மாமா எழுந்து கும்பிட்டார். "ஐயா, ரயில் போடறோம்னு நீங்க சொன்னீங்க. கொடியும் நட்டீங்க. அத நம்பி நான் வெத்தலைத் தட்டு மேல வாக்குக் குடுத்துட்டேன். ரயில் வந்தாத்தான் எம் பொண்ணுக்குக் கல்யாணம். எப்ப கொண்டாறீங்கன்னு ஒரு நாள் சொல்லிட்டீங்கன்னா, நான் முகூர்த்தம் பாத்துக்குவேன்."

நான் சொன்னேன். இந்தப் பெரியவர் இலை மேல் சத்தியம் செய்திருக்கிறார், அவர் மகள் கல்யாணம் ரயிலுக்காக நிற்கிறது என்றேன். முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளை எங்கே என்று துரை கேட்டார். மாப்பிள்ளை அடியேன்தான் என்றேன். அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது. கோமாளியாக நின்று பழகினவன் நான், எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் மாமா மெதுவாகக் கேட்டார்: "ஏன் சிரிக்கிறாங்க மாப்ளே?"

துரை நல்ல மனிதர். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, பதமாகவே பதில் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "மாமா, அரசாங்கம் வாக்கு எதுவும் குடுக்கலையாம். அப்படி ஒரு எண்ணம் இருந்துச்சாம், அவ்வளவுதானாம். அதுக்காகக் கல்யாணத்தை நிறுத்தி வைக்க வேண்டாம்ங்கிறாரு."

"எண்ணமா?" என்றார் மாமா. "எண்ணத்துக்கு யாராச்சும் கொடி நடுவாங்களா? கேளு."

கேட்டேன். துரை தலையை ஆட்டிவிட்டு, அடுத்து வண்டிக்காரர்கள் சார்பில் பேச வேண்டியவரைக் கூப்பிட்டார். நம் நானா. ரயில் வேண்டவே வேண்டாம், மாட்டை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று சொல்வதற்காக ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். எழுந்து நின்றவர் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"போட்டுருங்க" என்றார் நானா.

"என்ன நானா?" என்றேன்.

"துரைகிட்ட சொல்லுங்க. வண்டிக்காரனும் கேக்கறான், ரயிலப் போட்டுருங்கன்னு. இந்த மனுசன் இப்படி உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல."

கச்சேரியை விட்டு வெளியே வந்ததும் என்மேல் பாய்ந்தார். "உங்க குடும்பத்தோட சேந்து எம் மாட்டுக்கு நானே குழி வெட்டிட்டு வந்திருக்கேன். எம் பொண்டாட்டிகிட்ட நீங்கதான் வந்து சொல்லணும்." மாமா தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி முன்னால் நடந்தார். கடை வாசலுக்கு வந்தபிறகு, "அவங்க வாக்கே குடுக்கலையாம் நானா" என்றார்.

"விடுங்க முதலாளி."

அதற்குப் பிறகு மாமா "ஆச்சு" என்று சொல்லி நான் கேட்கவில்லை. பத்திரிகை வாசித்தால் "உம்" என்பார். பசறை ரோட்டில் சறுக்குகிற இடத்தில் சுவர் எழுப்புகிறார்களாம் என்று வாசித்தேன். "உம்." தபால் கந்தோர்க்காரர் வந்து, நாளைக்குத் தபால் சீக்கிரம் வருகிறது என்றார். அதற்கும் "உம்." இந்த மனிதருக்குக் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்லிக் கொடு முருகா என்று கதிர்காமத்துக்கு வேண்டிக்கொண்டவன் நான். முருகன் கொடுத்துவிட்டான், அளவு பார்க்காமல் கொட்டிவிட்டான்.

சரி, இனியாவது கல்யாணத்தைப் பேசலாம் என்று போனால், முன்னைவிட இறுக்கமாக இருந்தார். "அவங்க வாக்கு எண்ணமாப் போச்சு. என்னோடதும் அப்படிப் போகணுங்கிறியா?"

சௌந்தரம்தான் வழி கண்டுபிடித்தாள். அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற அறையில், மூட்டைக்கு அந்தப்பக்கம் நின்று பேசினாள்.

"அத்தான், வாங்கின தட்டை உங்கம்மா திருப்பிக் குடுத்துட்டா, சொன்ன வார்த்தை அப்பாகிட்டயே திரும்பிடும்தானே?"

"அது முறிவு சௌந்தரம்."

"முறிச்சுட்டு மறுபடி குடுத்தா? வெறும் தட்டா, ரயில் இல்லாம?"

"நடுவுல உனக்கு வேற மாப்பிள்ளை வந்துட்டா?"

"ரயிலே வராத ஊருக்கு வேற மாப்பிள்ளை எதுல ஏறி வருவான்?"

அம்மாவிடம் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்துச் சரி என்றாள். ஆனால் அதிலும் ஒரு முறை இருந்தது. தட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தங்கள் வாசல்படியை மிதித்து, புதுத் தட்டில் வெற்றிலை வைத்துக்கொண்டுதான் மறுபடி வரலாம். அதாவது நாங்கள் பசறைக்குப் போய் மறுநாள் முகூர்த்தத்துக்குத் திரும்பி வர வேண்டும். அதுவரை சௌந்தரம், தட்டு திரும்பி வந்த பெண். வந்தால் கல்யாணம். வராமல் போனால், அந்தப் பெண்ணுக்கு அப்புறம் எந்த வாசலிலிருந்தும் தட்டு வராது.

அம்மா போய் விஷயத்தைச் சொல்லித் தட்டை நீட்டினாள், மாமா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முன்னெல்லாம் யார் என்ன சொன்னாலும் நம்பினவர், சொந்த அக்காவிடம் கேட்டார்: "நாளைக்கு வந்துருவியா அக்கா?"

"நான் கவுன்சில் இல்லடா" என்றாள் அம்மா. "உன் அக்கா."

பசறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்று பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. நமுனுகுலை மலையைக் காணோம், எங்கும் மேகம். வண்டியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டால் பாதி வழியில் ரோட்டையே காணோம். சுவர் எழுப்பப்போவதாகப் பத்திரிகையில் வாசித்தேனே, அதே இடம். சுவர் இல்லை, மேலேயிருந்த மண்ணெல்லாம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. தேயிலைச் செடிகள்கூட நின்ற வாக்கில் இறங்கி வந்திருந்தன. அந்தப்பக்கம் இரண்டு வண்டி, இந்தப்பக்கம் எங்கள் வண்டி. "நாளைக்கு ஆளுங்க வந்து வெட்டி விட்டுருவாங்களாம்" என்று ஒரு வண்டிக்காரர் சொன்னார்.

அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். "தட்டைத் தலையில வெச்சுக்கோங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா வைத்துக்கொண்டார்.

"அம்மா, மண்ணு இன்னும் இறங்குது."

"நீ வேணா நாளைக்கு வா."

அந்தச் சறுக்கலை நான் கடந்த விதத்தை விவரிக்க மாட்டேன். பெரும்பகுதியை உட்கார்ந்தபடியே கடந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். கட்டியிருந்த பட்டு வேட்டி என்ன நிறம் என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா ஒரு தேயிலைச் செடியைப் பிடித்தால் அது கையோடு வந்தது. அதைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் தட்டைப் பார்த்தோம், வெற்றிலை மேல் ஒரு பொட்டு மண் இல்லை. பேசாத மனிதர்களால் சில காரியங்கள் நன்றாக நடக்கின்றன. மீதி தூரம் பூராவும் நடை.

முகூர்த்தம் போய், வெயில் இல்லாத அந்த நாளும் போய், விளக்கு வைக்கிற நேரத்தில் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். மாமா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே அங்கேயேதான் நின்றாராம், சாப்பிடக்கூட உள்ளே போகவில்லை என்று அத்தை பிறகு சொன்னாள். நானா பக்கத்தில் இருந்தார். ரோடு சரிந்த சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டிருந்தது. "அவங்க வர வழியில்ல முதலாளி, நாளைக்கு வருவாங்க" என்று நானா சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

மாமா எங்களைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். முழங்கால் வரை மண், ஒரு பாதத்தில் அட்டை கடித்து ரத்தம். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வீட்டுப் பெண்கள் செய்கிற வேலையை, அத்தை வாங்க வந்தும் கொடுக்காமல், அவரே குனிந்து அக்காவின் காலைக் கழுவினார்.

"முகூர்த்தம் தப்பிப் போச்சேடா" என்றாள் அம்மா.

"நீ வந்துட்டேல்ல" என்றார்.

உள்ளே விளக்கின் முன்னால் தட்டைக் கையில் எடுத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பசறைக்கு ரயில் என்று ஏதாவது ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது. கதவுக்குப் பின்னாலிருந்து சௌந்தரம், "அப்பா, சுருக்கமா" என்றாள்.

"பொண்ணு குடுக்கறேன் அக்கா" என்றார். அவ்வளவுதான்.

தை பிறந்து முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, நல்லபடியாக வைத்துக்கொள்வேன் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்வார்கள். இந்த வார்த்தைக்காக நான் பல வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்ததே. கொஞ்சம் உருக்கம், கொஞ்சம் வேடிக்கை, நடுவில் ரயிலைப் பற்றி ஒரு கிண்டல் என்று ஒரு பிரசங்கமே வைத்திருந்தேன். மாமா அவள் கையை என் கையில் வைத்தார். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"வேணாம் மாப்ளே" என்றார். "ஒண்ணும் சொல்லாதே."

அவர் கை எங்கள் இரண்டு பேர் கைக்கும் மேலே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துக்கொண்டார்.